மகள் கொழும்பில, ரோட்டில ஊர்வலம், எனக்கு இஞ்ச நித்திரை இல்லை

கேள்வி: வணக்கம் மிஸ். நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறன். மனுசன் 2009 இல இல்லாமப் போயிட்டார், ஒரே ஒரு மகள். படிச்சு முடிச்சு இப்ப கொழும்பில ஒரு கொம்பனியில கணக்குப் பகுதியில வேலை, லிப்டன் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டில கீழ் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறா. அந்த ரோட்டால கிழமைக்கு ஒரு ஊர்வலமாவது போகுது, ஒருநாள் மாணவர், ஒருநாள் தொழிற்சங்கம், வரி, விலைவாசி, எல்லாம் காசுப் பிரச்சினைதான். போன மாசம் பொலிஸ் அடிச்ச கண்ணீர்ப்புகை அறைக்குள்ள வந்திட்டுது, சின்னனில இருந்து இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிற பிள்ளை. அண்டைக்கு இருபது தரத்துக்கு மேல கோல் எடுத்தன், பதில் இல்லை. விடிய எடுத்து, ஒழுங்கைக்குள்ள ஓடிவந்த பெடியளுக்கு தண்ணி குடுத்தனான் அம்மா எண்டு சொல்லுறா. எனக்கு கோவம் வந்திட்டுது, எங்களைச் சாக்கொல்லேக்க உவையள் எங்க நிண்டவை எண்டு கேட்டன், போனை வைச்சிட்டா. அதுக்குப் பிறகு ஒழுங்காக் கதைக்கிறேல்லை. வேலையை விட்டிட்டு வா, கலியாணத்தைப் பாப்பம் எண்டும் சொல்லிப் பாத்தன். அவ அனுப்புற காசிலதான் கடன் கட்டுறன், அதுவும் உண்மை. ராத்திரி முழுக்க பேஸ்புக் லைவ் பாத்துக்கொண்டு முழிச்சிருக்கிறன். பிள்ளையைக் கூப்பிடுறதோ, விடுறதோ?

பதில்:

அக்கா, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் எழுதத் தொடங்கிறன். கேட்டதுக்கு முதல் பதில் சொல்லிப்போடுறன், இப்ப கூப்பிடாதேங்கோ. ஆனா பயப்பிடாதேங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், உங்கட பயம் எங்கயிருந்து வருது எண்டு எனக்கு நல்லாத் தெரியும், அது என்ர உடம்புக்குள்ளயும் கிடக்கு.

2022 மே 9ந் திகதி நான் ஒரு பயிற்சிக்கெண்டு போய் கொள்ளுப்பிட்டியில ஒரு லொட்ஜில நிண்டனான். அண்டைக்குத்தான் பிரதமரின்ர அலரி மாளிகைக் கூட்டத்துக்கு வந்த ஆக்கள் வெளிய இறங்கி காலிமுகத்திடலில போராட்டம் நடத்தின பிள்ளையளை அடிச்சு, கூடாரங்களைப் பிடுங்கி எரிச்சு, பின்னேரம் மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியை விட்டு, நாடு முழுக்க ஊரடங்கும் போட்டது. ராத்திரி அலரி மாளிகை வாசலில சனம் கூடிட்டுது, பொலிஸ் கண்ணீர்ப்புகை அடிக்கத் தொடங்கிட்டினம். அந்தக் குண்டைச் சுடுற சத்தம் இருக்கெல்லோ, "டொப்" எண்டு அடைச்ச மாதிரி ஒரு சத்தம், அதைக் கேட்டவுடன நான் எண்ணத் தொடங்கிட்டன், ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு. இதை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஷெல் குத்துற சத்தம் கேட்டா அது விழுகிற வரைக்கும் எண்ணிப் பழகின சனம் நாங்கள். பதினெட்டு வரைக்கும் எண்ணினது ஞாபகம் இருக்கு, பிறகு பாத்தா நான் கட்டிலுக்குக் கீழ, கன்னம் சீமெந்தில முட்டிக்கொண்டு கிடக்கிறன், அடையாள அட்டை வைச்ச பை கையில இருக்குது. எப்ப இறங்கினன், எப்ப பையை எடுத்தன், ஒண்டும் தெரியாது. பக்கத்து அறையில குருநாகல் பக்கத்து அம்மா ஒராள் நிண்டவ, என்ர வயசுதான் இருக்கும், அவ அந்த நேரம் யன்னலைத் திறந்து என்ன நடக்குது எண்டு எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறா. விடிய ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கேக்கதான் அதை எனக்குச் சொன்னவ. ஒரே கட்டடம், ஒரே சத்தம், அவவுக்கு அது ரோட்டில நடக்கிற ஒரு கலவரம், எனக்கு அது 2009 இல ஷெல் விழுந்த மாத்தளன்.

உங்களுக்கும் இப்ப நடக்கிறது அதுதான் அக்கா, ஒரு வித்தியாசம், உங்களுக்கு அது போனுக்குள்ளால வருது. காது கேட்ட உடன உடம்பு முந்திக்கொண்டு 2009க்கு ஓடிடும், மூளை பின்னால மூச்சு வாங்கி வந்து சேரும். இது விசரும் இல்லை, மனசு பலவீனமும் இல்லை, உங்களை உயிரோட வெளிய கொண்டுவந்த பழக்கம் இது, அந்தப் பழக்கத்துக்கு யுத்தம் முடிஞ்சது எண்டு இன்னும் ஒருத்தரும் சரியாச் சொல்லேல்லை.

அதோட கொழும்பு எண்டாலே எங்கட ஆக்களுக்கு வேற ஒரு பயமும் இருக்கு, அதையும் நான் இல்லை எண்டு சொல்லப்போறதில்லை. 2007 யூன் 7 விடியக் காலமை லொட்ஜுகளில நிண்ட தமிழ் ஆக்கள் 376 பேரை பஸ்ஸில ஏத்தி ஊருக்கு அனுப்பினதை மறக்க ஏலுமே, அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டபடியால்தான் அது நிண்டது. 2022 ஆகஸ்ட்டில ஊர்வலம் போன மாணவர் பக்கத்து ஆக்கள் மூண்டு பேரை பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உள்ள வைச்சிருந்தவை, 1979 இல கொண்டுவந்த அதே சட்டம்தான், அது என்ன செய்யும் எண்டு வன்னியில எந்த வீட்டுக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனபடியா உங்கட பயத்தில முக்கால்வாசி அனுபவம். நான் கேக்கிறது ஒண்டுதான், அந்தப் பயத்துக்குத் திகதி போட்டுப் பாருங்கோ. ஒரு பழைய கொப்பியை எடுத்து நடுவில கோடு இழுத்து, ஒரு பக்கம் எனக்கு அப்ப நடந்தது, மற்றப் பக்கம் இண்டைக்கு மகளின்ர ரோட்டில நடக்கிறது எண்டு எழுதுங்கோ. உங்கட பக்கத்தில ஷெல், கிபிர் விமானம், பங்கர், சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, வெளிய போக வழி இல்லை எண்டு வரும். அவவின்ர பக்கத்தில கண்ணீர்ப்புகை, நீர்த்தாரை, நெரிசல், தடியடி, இழுப்பு, பிழையா ஆரையும் பிடிச்சுக்கொண்டு போறது எண்டு வரும். ரெண்டாவது பக்கத்தில இருக்கிறதும் ஆபத்துத்தான், ஆனா அது ஒவ்வொண்டுக்கும் ஏதாவது செய்யலாம். முதல் பக்கத்துக்கு நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாமப் போனது, அதாலதான் அந்தப் பக்கம் இப்பவும் நெஞ்சை அடைக்குது.

இனி மகளைப் பற்றி. கடைசி யுத்தத்தில உங்கட பிள்ளைக்கு எட்டோ பத்தோ வயசு இருந்திருக்கும், அவவும் உங்களோட சேந்துதான் அந்தக் கடற்கரையால நடந்து வந்தவ. அண்டைக்கு ராத்திரி அவ போன் எடுக்காததுக்கு நூறு காரணம் இருக்கலாம், கண் எரிஞ்சுகொண்டு இருந்திருக்கும், போன் எங்க கிடக்குது எண்டே தெரிஞ்சிருக்காது. ஆனா மனநலப் பிரிவில என்னட்ட வாற பிள்ளையள் திருப்பித் திருப்பிச் சொல்லுற ஒரு காரணத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லுறன்: "மிஸ், என்ர பயத்தை நான் ஒரு மாதிரிச் சமாளிச்சுப்போடுவன், அம்மாவின்ர பயத்தையும் சேத்துத் தூக்க எனக்கு அந்த நேரம் ஏலாது." அம்மாவில பாசம் இல்லாமல் இல்லை, பாசம் கூடினதாலதான் இப்பிடிச் சொல்லுதுகள்.

இன்னொண்டு, அவ கட்டிலுக்குக் கீழ போகேல்லை அக்கா. தண்ணி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறா. என்ர தொழிலில இருந்து பாத்தா இது நல்ல அடையாளம், பயத்தில உறைஞ்சு நிக்காம கையால ஒரு வேலை செய்த ஆளுக்கு பிறகு அந்தச் சம்பவம் கனநாள் நெஞ்சில நிக்கிறது குறைவு. உந்தப் பழக்கம் ஆர் பழக்கினது? கடைசி யுத்தத்தில பொக்கணையில கஞ்சிக்கு வரிசையில நிண்டு, கிடைச்ச ஒரு கோப்பையை பக்கத்துக் கொட்டிலுக்கும் பங்கு போட்ட ஆக்களிட்ட வளந்த பிள்ளை அது. நீங்கள் கோவப்பட்ட விசயம் நீங்கள் வளத்த விசயம்.

சரி, அலுவலுக்கு வருவம், முதல் இழுப்பு, ஏனெண்டா உங்கட கடிதத்தில எனக்கு உண்மையாப் பயம் வந்த இடம் அதுதான், இழுப்புக்காரர் மூச்சுக்கு மருந்து பக்கத்தில இல்லாம கண்ணீர்ப்புகைக்குள்ள மாட்டுப்பட்டா அது விளையாட்டில்லை. புகை எண்டு சொன்னாலும் அது சரியான நுண்ணிய தூள், காத்தை விடப் பாரம், அதால தாழ்வான இடத்தில தேங்கி நிக்கும். அவ இருக்கிறது கீழ் அறை எண்டு எழுதியிருக்கிறியள், அந்த நேரம் வீட்டுக்காரரிட்ட சொல்லி மேல் மாடிக்குப் போறதுதான் முதல் வேலை. யன்னல் கதவெல்லாம் பூட்டி, கதவுக்குக் கீழ இருக்கிற நீக்கலில ஈரத் துவாய் ஒண்டை அடைஞ்சு விடோணும், வெளிக்காத்தை உள்ளுக்கு இழுக்கிற எந்த பேனும் ஏசியும் ஓடக்கூடாது. வெளிய அடங்கின பிறகு எல்லா யன்னலையும் திறந்து காத்தை ஓடவிடோணும், பூட்டினபடி படுக்கக்கூடாது. கண்ணில பட்டால் தேய்க்கக்கூடாது, கையைக் கழுவிப்போட்டு ஓடுற தண்ணியில பத்துப் பதினைஞ்சு நிமிசம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவவேணும், கண்ணுக்குள்ள லென்ஸ் போடுற ஆளெண்டா அதைக் கழட்டிப்போடோணும். முகத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாத்தி ஒரு ஷொப்பிங் பைக்குள்ள கட்டி வைச்சு தனியாத் தோய்க்கோணும், இல்லாட்டி அந்தத் தூள் பாயில, தலையணியில எல்லாம் ஒட்டி அடுத்த நாளும் எரிக்கும். பற்பசை பூசு, தேசிக்காய் பூசு எண்டு சொல்லுற ஆக்களின்ர பேச்சைக் கேக்கவேண்டாம், தண்ணி காணும்.

இன்ஹேலர் தலையணிக்குப் பக்கத்தில ஒண்டு, வேலைக்குக் கொண்டுபோற பைக்குள்ள ஒண்டு இருக்கவேணும், முடியுற திகதி பாக்கவேணும், ஊர்வலம் வாற நாளில என்ன செய்யிறது எண்டு கிளினிக்கில டொக்டரிட்ட ஒருக்கா கேட்டு வைக்கச் சொல்லுங்கோ. மருந்தடிச்சும் இழுப்பு அடங்கேல்லை, ஒரு வசனத்தை மூச்சு வாங்காமச் சொல்ல ஏலேல்லை, உதடு நீலம் பாயுது எண்டா யோசிக்கவே கூடாது, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசில்லை. அவ இருக்கிற இடத்தில ஒரு நல்ல விசயம், கண் ஆஸ்பத்திரி லிப்டன் சந்தியிலதான் இருக்கு, பெரியாஸ்பத்திரியும் நடந்து போற தூரம். உங்களுக்கு இரவில பயம் வரேக்க இதை நினையுங்கோ, பொக்கணையில எங்களுக்கு இருந்த ஆஸ்பத்திரி மாதிரி இல்லை இது.

போன் விசயத்தில ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வரவேணும். 2022 ஏப்ரல் 3 பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் அரசாங்கம் மறிச்சு வைச்சது ஞாபகம் இருக்கும், அப்ப வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்த அம்மாமார் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதால சாதாரண மெசேஜ்தான், பின்னேரம் ஏழு மணிக்கு ஒண்டு. "அறையில" எண்டு வந்தா எல்லாம் சரி. "வெள்ளவத்தை" எண்டு வந்தா அவ அந்த ரோட்டை விட்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போறா எண்டு அர்த்தம். "எடுங்கோ அம்மா" எண்டு வந்தா உடன கோல் எடுக்கோணும். ஏழரைக்கும் ஒண்டும் வராட்டி நீங்கள் ஒரு தரம், எட்டுக்கு இன்னொரு தரம் எடுக்கலாம், அதுக்கும் இல்லையெண்டா வீட்டுக்காரரின்ர நம்பருக்கு எடுங்கோ, அந்த நம்பரை இண்டைக்கே வாங்கி வையுங்கோ. இருபது கோல் எடுக்கிற இடத்தில ரெண்டு கோல்தான், ஆனா அந்த ரெண்டையும் அவ கட்டாயம் எடுப்பா எண்டு அவவும் சொல்லவேணும்.

ஊர்வலம் எண்டைக்கு, எங்கயிருந்து வெளிக்கிடுது எண்டு அநேகமா முதல் நாளே செய்தியில வரும், அண்டைக்கு வேலையால நேரத்தோட வரப்பாக்கலாம், அல்லது கொள்ளுப்பிட்டி ஸ்டேசனுக்கு நடந்துபோய் கரையோர ரெயினில வெள்ளவத்தைக்குப் போயிடலாம். பொலிஸ் தடுப்புக்கும் சனத்துக்கும் நடுவில மட்டும் அம்பிடக்கூடாது, பல்கனியில நிண்டு வீடியோ எடுத்து ஏத்திறதும் வேண்டாம், அதில தெரியிற முகங்களுக்கும் அது நல்லதில்லை. பிறகு அந்தப் பை. உங்கட வீட்டிலயும் இப்பவும் ஒரு பை இருக்கும் எண்டு நினைக்கிறன், பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில சுத்தி, இடம்பெயர்ந்த எல்லா இடமும் தோளில கொழுவிக்கொண்டு திரிஞ்ச பை. அதை எப்பிடிக் கட்டுறது எண்டு உங்களை விட நல்லா ஒருத்தருக்கும் தெரியாது. மகளுக்கு ஒரு சின்னப் பை கட்ட போனில சொல்லிக்குடுங்கோ: அடையாள அட்டை, வேலையிடத்து அட்டை, கொஞ்சக் காசு, இன்ஹேலர், தண்ணிப் போத்தல், போன் சார்ஜர், ஒரு துவாய், கடதாசியில எழுதின நாலு நம்பர். நாலில ஒண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர 1996. பிழையாப் பிடிச்சா ஏன் பிடிக்கிறியள் எண்டு கேக்கிற உரிமை அவவுக்கு அரசியலமைப்பிலயே இருக்கு, எந்த பொலிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோகினம் எண்டதை முதல் வேலையா உங்களுக்குச் சொல்லவேணும். இதை நீங்கள் சொல்லிக்குடுக்கேக்க அது பயமுறுத்திற மாதிரி இருக்காது, அம்மா தனக்குத் தெரிஞ்ச ஒண்டைத் தாறா எண்டு இருக்கும்.

பேஸ்புக் லைவ் பாக்கிறதை நிப்பாட்டுங்கோ. இதில நான் கொஞ்சம் இறுக்கமாத்தான் சொல்லுவன். ஒரு கலவரம் பத்து நிமிசம் நடந்தா அதை அம்பது பேர் திருப்பித் திருப்பிப் போடுகினம், போன கிழமைத் துண்டும் இண்டைக்கு எண்டு வருது, உங்கட உடம்புக்கு அது அம்பது கலவரம். அந்த ஏழு மணி மெசேஜ் பாத்த பிறகு டேட்டாவை ஓஃப் பண்ணி, ரிங்கை மட்டும் விட்டிட்டு, போனை படுக்கிற இடத்துக்கு எட்டத்தில வையுங்கோ. நித்திரை வராட்டி எழும்பி கிணத்தடியில முகம் கழுவி, காலை நிலத்தில ஊண்டி இருந்து, இப்ப நான் எங்க இருக்கிறன், இது என்ர வளவு, அந்த முருங்கை நான் நட்டது, இண்டைக்கு இன்ன திகதி எண்டு வாய்விட்டுச் சொல்லுங்கோ. சின்ன வேலை மாதிரித் தெரியும், எண்ணிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ கிடந்த எனக்கு அண்டைக்கு உதவினது இதுதான்.

இனி நீங்கள் மகளிட்ட கேட்ட கேள்வி. எங்களைச் சாக்கொல்லேக்க உவையள் எங்க நிண்டவை? நியாயமான கேள்வி அக்கா, நான் அதைச் சின்னனாக்க மாட்டன். 2022 இல கொழும்பில 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை எண்டு நாடே கொதிச்சது, நாங்கள் யுத்த நேரம் வருசக்கணக்கா ஜாம் போத்தல் விளக்கில பிள்ளையளைப் படிப்பிச்ச ஆக்கள். பெற்றோலுக்கு கியூவில நிக்கினம் எண்டு செய்தி வந்தது, எங்கட பெடியள் அப்ப மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினவை, சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் கூட தடை இருந்தது. காலிமுகத்திடலில நாலு மாசம் இருந்ததை உலகமே பாத்தது, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் 2017 பெப்ரவரி 20 இல இருந்து வருசக்கணக்கா இருக்கினம், அவைக்கு முன்னால எத்தினை கமரா நிக்குது? இதெல்லாம் உண்மை. அதே காலிமுகத்திடலில 2022 மே 18 முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடுத்து, சிங்களப் பிள்ளையளும் வாங்கிக் குடிச்சதும் உண்மை, அப்பிடி ஒண்டு அந்த இடத்தில நடக்கும் எண்டு நான் உயிரோட இருக்கேக்க நினைக்கேல்லை. அது காணுமோ எண்டா காணாது. ஆனா நடந்தது.

உங்கட கேள்வியை ஆரிட்டக் கேக்கவேணுமோ அவையிட்டக் கேளுங்கோ, பகிரங்கமாக் கேளுங்கோ, நானும் சேந்து கேப்பன். உங்கட மகளிட்ட மட்டும் கேக்காதேங்கோ. அந்தக் கேள்விக்கு அவ பதில் சொல்ல ஏலாது, அந்த நேரம் அவ உங்கட இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு பங்கருக்குள்ள இருந்தவ.

"எல்லாம் காசுப் பிரச்சினைதான்" எண்டு ஒரு வரியில எழுதிட்டுப் போட்டியள், கடைசியில கடன் கட்டுறதையும் எழுதியிருக்கிறியள். ரெண்டும் ஒரே விசயம் அக்கா. 2016 கணக்கெடுப்பில நாட்டில வறுமை 4.1 வீதம், கிளிநொச்சியில 18.2 வீதம், எல்லா மாவட்டத்துக்குள்ளயும் அதுதான் ஆகக் கூட. கஸ்ரம் கொழும்புக்கு வர முதலே எங்கட வாசலில வந்து குந்தியிருந்தது, கிழமைக் கடன் சேக்க வாற பெடியன் பின்னேரம் வரைக்கும் படலையில நிக்கிறதுக்குப் பயந்து பக்கத்து வளவுக்குள்ள ஒளிச்ச அம்மாமாரை எனக்குத் தெரியும், இஞ்சயும் நுண்கடனுக்கு எதிரா பொம்பிளையள் ரோட்டில இறங்கினவை. 2021 இல 13 வீதமா இருந்த வறுமை 2022 இல 25 வீதமா வந்திட்டுது எண்டு உலக வங்கி சொல்லுது, நாட்டில நாலில ஒராள். 2023 பெப்ரவரியில கறண்ட் பில்லை 66 வீதம் கூட்டினவை. 2023 யூலை 1 பாராளுமன்றத்தில உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிற பிரேரணை நிறைவேறினது, அதில வங்கியளை விட்டிட்டு ஊழியர் சேமலாப நிதி எண்டுற ஈபிஎஃப்பில கை வைச்சவை. உங்கட மகளின்ர சம்பளத்தில மாசாமாசம் 8 வீதம் வெட்டுப்படுது, கொம்பனி 12 வீதம் போடுது, அதுதான் அந்த ஈபிஎஃப். அவவின்ர யன்னலுக்குக் கீழால தொழிற்சங்கக்காரர் கத்திக்கொண்டு போறது அவவின்ர காசைப் பற்றி. கணக்குப் பகுதியில வேலை செய்யிற பிள்ளைக்கு இது உங்களையும் என்னையும் விட நல்லா விளங்கும், அதாலதான் அவ யன்னலைப் பூட்டிப்போட்டுப் படுக்கேல்லை எண்டு நான் நினைக்கிறன்.

அதுக்காக அவ இறங்கிப் போய் முன்வரிசையில நிக்கட்டும் எண்டு நான் சொல்லேல்லை. இழுப்பு இருக்கிற ஆள் கண்ணீர்ப்புகை அடிக்கிற இடத்தில நிக்கக்கூடாது, அது மருத்துவம். மற்றது அவ வளந்த பிள்ளை, என்ன செய்யிறது எண்டு அவதான் முடிவெடுக்கோணும். உங்களிட்ட அவவுக்குத் தேவை அனுமதி இல்லை, கதைக்க ஒராள்.

கலியாண விசயம். நல்ல இடம் வந்து அவவுக்கும் விருப்பமெண்டா சந்தோசம், ஆனா பயத்துக்கு மருந்தாக் கலியாணத்தைக் குடுக்காதேங்கோ, ரெண்டும் கெட்டுப்போகும். கடன் கதையையும் மறைக்காமக் கதையுங்கோ, "வா" எண்டு சொல்லேக்க வந்தா கடனை எப்பிடிக் கட்டுறது எண்ட பயமும் உங்களுக்குள்ள இருக்கு, அது அவவுக்கும் தெரியும், தான் வேலையை விட ஏலாது எண்டு தெரிஞ்சும் அம்மா வா வா எண்டு கூப்பிட்டா பிள்ளை எங்க போறது? அங்க இருக்கிறதும் குற்றம், வாறதும் குற்றம் எண்டு நடுவில நிக்கும். வாறதுக்கும் இருக்கிறதுக்கும் இடையில வேற வழியும் இருக்குத்தானே, அதே வீட்டில மேல் அறை வெறுமையாகுதோ எண்டு பாக்கலாம், வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் ரெண்டு பிள்ளையள் சேந்து ஒரு அறை எடுக்கலாம். வாடகை கொஞ்சம் கூடினா அந்தக் காசுக்கு எதை விடுறது எண்டு ரெண்டு பேரும் இருந்து கணக்குப் பாருங்கோ, அவவின்ர தொழிலே அதுதான்.

எப்பிடிக் கதை தொடங்கிறது எண்டு நீங்கள் கேக்கேல்லை, ஆனா அதுதான் உங்களுக்குக் கஸ்ரமான இடம் எண்டு நினைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை, ஊர்வலம் ஒண்டும் இல்லாத நேரம், அவ சாப்பிட்டு முடிஞ்ச பிறகு எடுங்கோ. ஏன், எதுக்கு எண்டு தொடங்காதேங்கோ. "பிள்ளை, அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டது பிழை, எனக்கு அந்தச் சத்தம் கேட்டா மாத்தளன்தான் ஞாபகம் வருது, உனக்கும் அப்பிடி வாறதோ?" எண்டு கேட்டிட்டு பேசாம இருங்கோ. கனநேரம் பேசாம இருக்கோணும். எங்கட வீடுகளில 2009ஐப் பற்றி அம்மாவும் பிள்ளையும் கதைக்கிறேல்லை, அம்மா அழுவா எண்டு பிள்ளையும், பிள்ளை மறந்திட்டுது எண்டு அம்மாவும் விட்டுப்போடுறது, வருசக்கணக்கா இப்பிடித்தான் போகுது. அவ ஒண்டும் சொல்லாட்டியும் பரவாயில்லை, கேட்டது அவவின்ர காதில விழுந்திருக்கும். தண்ணி குடுத்ததைப் பற்றியும் கேளுங்கோ, அந்தப் பெடியளுக்கு என்ன நடந்தது, ஆருக்கும் காயமோ எண்டு, கோவத்தில அண்டைக்கு அதை நீங்கள் கேக்கேல்லை.

இதெல்லாம் செய்தும் ஒரு மாசத்துக்கு மேல அவவுக்குக் கெட்ட கனவு, திடுக்கிட்டு எழும்புறது, ரோட்டுப் பக்கம் போகவே ஏலாமல் இருக்கிறது, வேலையில கவனம் இல்லை எண்டு இருந்தா பெரியாஸ்பத்திரியில மனநலக் கிளினிக் இருக்கு, போகச் சொல்லுங்கோ. ராத்திரியில ஆரோடயாவது கதைக்கவேணும் எண்டா 1926, இருபத்திநாலு மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம். உங்களுக்கும் அதே நம்பர்தான். நீங்கள் நித்திரை இல்லாமல் இருக்கிறது இந்த ஊர்வலத்தோட மட்டும் தொடங்கினதில்லை எண்டு எனக்குப் படுது, அதால இஞ்ச ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒருக்கா வாங்கோ. பிரசருக்குக் குளிசை போடுறியள் எண்டா அந்தக் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, காலமை எட்டு மணிக்கு முதல் வந்தா சனம் குறைவு.